ஏ9 வீதியின் மறுமுனை

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஏ9 வீதியை யாரும் ஏ9 என்று சொல்வதில்லை. அது "கண்டி றோட்டு". பிறந்த நாளிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி வருகிறோம். ஆனால் அந்த றோட்டால் கண்டி வரைக்கும் போனவர்கள் எங்களில் எத்தனை பேர்? எமக்கு அந்த வீதி என்றால் ஓமந்தைச் சோதனைச்சாவடி. 2002 இல் திறந்தபோது அழுத அழுகை, 2006 ஆவணியில் மீண்டும் பூட்டியபோது அடைபட்ட மூச்சு. பிறகு அந்த வீதியையும் விட்டு விலகிக் கிழக்கே கிழக்கே என்று நடந்த நாட்கள். 321 கிலோமீற்றர் நீளமான அந்த வீதி கண்டியில்தான் தொடங்குகிறது என்பதைக்கூட நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கப் போன பிறகே அறிந்தேன்.

கடந்த பங்குனி மாதம் ஐந்து பெண்களுடன் அந்த மறுமுனைக்குப் போய் வந்தேன். சுற்றுலாவுக்கு அல்ல. குடியிலிருந்தும் தூளிலிருந்தும் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் மறுபடியும் அதற்குள் விழாமல் இருக்க உதவும் ஒரு முறையைப் பற்றிய ஒரு நாள் பயிற்சி கண்டியில் நடந்தது. வழக்கமாக இப்படியான பயிற்சிகளுக்கு எங்களைப் போன்ற பணியாளர்களைத்தான் அழைப்பார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த வீடுகளில் இரவு முழுக்க விழித்திருப்பவர்கள் பெண்கள்தானே, அவர்களையும் கூட்டி வரலாமா?" கூட்டி வாருங்கள் என்றார்கள்.

முறிகண்டியிலிருந்து

விடிய நான்கு மணிக்கு வான் வெளிக்கிட்டது. விசுவமடு அக்கா, முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஓர் அக்கா, கிளிநொச்சியிலிருந்து இரண்டு சகோதரிகள், புதுக்குடியிருப்பு அம்மா. பெயர்களை எழுதவில்லை. அவர்கள் அனுமதித்த அளவுக்கே இதில் சொல்கிறேன்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். புதுக்குடியிருப்பு அம்மா இரண்டு பை கச்சான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய மகனுக்கு இருபத்துமூன்று வயது. தூள் பாவித்து, பிறகு ஐஸ் என்கிற போதைப்பொருளுக்கும் பழகி, சிகிச்சை முடித்து வந்து நான்கு மாதம். "நான் இல்லாத மூண்டு நாளும் என்ன செய்வானோ" என்று வவுனியா வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

விசுவமடு அக்கா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாததற்கு நானும் ஒரு காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய கணவர் போருக்கு முன் குடிக்காதவர். 2009 வைகாசியில் அவர்களுடைய ஒன்பது வயது மகள் செல் விழுந்து இறந்தாள். முகாமிலிருந்து மீள்குடியேறி வந்த பிறகுதான் அவர் குடிக்கத் தொடங்கினார். முதலில் கள்ளு, பிறகு சாராயம், கையில் காசில்லாத நாளில் கசிப்பு. போயா தினத்தில் சாராயக் கடை மூடும், கசிப்புக் காய்ச்சுகிறவன் மூடமாட்டான். கடந்த ஆண்டு பலத்த முயற்சிக்குப் பிறகு சிகிச்சைக்கு அனுப்பினோம். தெளிந்த முகத்துடன் வந்தார். நாற்பது நாட்கள் குடிக்கவில்லை. வைகாசி வந்தது. மகளின் நினைவு நாளன்று பின்னேரம் சந்திக்குப் போனவர் குடித்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் காலை நான் அந்த வீட்டுக்குப் போனேன். அவர் திண்ணையில் தலையைக் குனிந்தபடி இருந்தார். "இவ்வளவு பேர் உங்களுக்காகப் பாடுபட்டிருக்கிறம், வெட்கமாய் இல்லையா ஐயா?" என்று கேட்டேன். அக்காவும் என்னுடன் சேர்ந்து ஏசினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போனார். அதற்குப் பிறகு மூன்று கிழமை அவர் தெளிந்திருந்த நாள் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது முறையாகச் சிகிச்சைக்குப் போய்த் தை மாதம்தான் திரும்பினார். இனி இந்த ஆண்டு வைகாசி வரும். அக்கா வானில் யன்னலோரம் இருந்து வெளியே பார்த்தபடி அந்த மாதத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

மாத்தளை வழியே

தம்புள்ளையைத் தாண்டியதும் காற்று மாறியது. மரங்கள் உயர்ந்தன. மாத்தளைக்குச் சற்று முன்னால், வீதியோரத்தில் அலுவிகாரை என்ற பாறைக் குகை விகாரை இருக்கிறது. வாயால் ஓதியே காக்கப்பட்டு வந்த பௌத்த நூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முறையாக ஓலையில் எழுதப்பட்டது இங்கேதான் என்பது மரபு. பஞ்சமும் போரும் வந்தபோது, ஓதத் தெரிந்தவர்கள் இறந்துபோனால் எல்லாம் அழிந்துவிடும் என்ற பயத்தில் எழுதினார்களாம்.

இதை நான் சொன்னதும் கிளிநொச்சிச் சகோதரிகளில் மூத்தவர் முகத்தைச் சுருக்கினார். "மிஸ், எங்களைப் பன்சலைக்கோ கூட்டிக்கொண்டு போறியள்?"

அந்தக் கேள்வி நியாயமானது. எங்கள் பகுதிகளில் புதிதாக எழும் விகாரைகளால் மக்களுக்கு இருக்கும் மனக்கசப்பை நான் அறியாதவள் அல்ல. அதனால் மறைக்காமல் சொன்னேன். நாங்கள் பழகப் போகும் முறையின் வேர் பௌத்தத் தியானத்தில் இருக்கிறது. ஆனால் இன்று வைத்தியசாலைகளில் அதை மதம் எதையும் சாராத பயிற்சியாகவே கற்பிக்கிறார்கள். மூச்சைக் கவனிப்பது எங்கள் திருமந்திரத்திலும் உண்டு. செபமாலை உருட்டும்போது ஒவ்வொரு மணியிலும் மனம் நிற்பதும் ஒருவகையில் இதுதான்.

ஆங்கிலத்தில் இதை "மைன்ட்புல்னஸ்" என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கும் எமது நாட்டுக்கும் தொடர்பு உண்டு. பிரித்தானியர் காலத்தில் இலங்கைச் சிவில் சேவையில் இருந்த ரைஸ் டேவிட்ஸ் என்பவர் பின்னாளில் பாளி அறிஞரானார். பாளியில் "ஸதி" என்று வரும் சொல்லுக்கு 1881 இல் அவர் வைத்த ஆங்கிலச் சொல்தான் அது.

"சதியோ?" என்றார் புதுக்குடியிருப்பு அம்மா. "எங்களுக்குச் சதியெண்டால் வேற அர்த்தம் பிள்ளை." வானில் எல்லோரும் சிரித்தோம். அன்று முதலாவதாக விசுவமடு அக்காவும் சிரித்தார்.

தமிழில் நான் இதை "முழுக்கவனம்" என்று சொல்கிறேன். இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், உள்ளபடி கவனிப்பது. அவ்வளவுதான். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, இருட்டுவதற்கு முன் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் கட்டுவித்த வாவியைச் சுற்றி ஒருமுறை நடந்தோம். குளிருக்குச் சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு நடந்த முல்லைத்தீவு அக்கா, "இந்தத் தண்ணிக்குச் சத்தமே இல்லையே" என்றார்.

கால் தானாகத் திரும்பும் இடம்

மறுநாள் பயிற்சி. நடத்தியவர் ஒரு சிங்கள உளவியலாளர். தமிழில் சொன்னவர் மலையகத்துத் தங்கை ஒருத்தி. "சொல்லுங்க அக்கா, பயப்படாம சொல்லுங்க" என்று அவள் பேசிய பேச்சு எங்கள் அம்மாவுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அங்கே கேட்டதை எனது சொற்களில் தருகிறேன்.

சிகிச்சை முடித்தவர் மீண்டும் குடித்தால் "மனவுறுதி இல்லாதவன்" என்று சொல்வது எமது வழக்கம். அமெரிக்காவின் சியற்றில் நகரில் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த அலன் மார்லட் இதை வேறுவிதமாகப் பார்த்தார். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த மனநிலையில் ஒருவர் மறுபடி குடிக்கிறார் என்று ஆராய்ந்து, 1985 இல் இன்னொருவருடன் சேர்ந்து நூலாக வெளியிட்டார். துக்கம், கோபம், சண்டை, கூட்டாளிகளின் வற்புறுத்தல் ஆகியவையே பெரும்பாலும் அந்தச் சமயங்கள். சீனி வாங்கச் சந்திக்குப் போனவரின் கால், தவறணைப் பக்கம் தானாகத் திரும்புகிறது. திரும்பிய பிறகுதான் அவருக்கே தெரிகிறது. பழகிய மாடு வண்டியை இழுத்துக்கொண்டு போவதுபோல.

அவர் சொன்ன இன்னொரு விடயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வழுக்குவது வேறு, விழுந்து கிடப்பது வேறு. ஒருநாள் ஒரு கிளாஸ் குடித்தவருக்கு உடனே குற்றவுணர்வும் வெட்கமும் வருகின்றன. "நான் உதவாதவன், எல்லாம் போச்சு, இனி என்ன" என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணத்தின் வலியைத் தாங்க முடியாமல் அவர் இரண்டாவது கிளாஸை எடுக்கிறார். பெரும்பாலும் முதல் கிளாஸைவிட அந்த வெட்கம்தான் ஆளை முழுதாக விழுத்துகிறது.

நான் திண்ணையில் குனிந்திருந்த அந்த மனிதரை நினைத்தேன். "வெட்கமாய் இல்லையா ஐயா?" என்ற என் குரலை நினைத்தேன். பக்கத்தில் இருந்த விசுவமடு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

1979 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோன் கபாட்-சின் என்பவர், மருந்தால் தீராத நாட்பட்ட வலியுள்ளவர்களுக்கு முழுக்கவனப் பயிற்சி தொடங்கினார். மார்லட்டின் குழுவினரோ சியற்றில் பகுதிச் சிறைச்சாலை ஒன்றில் பத்து நாள் விபாசனா தியானம் பழகிய கைதிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பழகியவர்கள் விடுதலையான பின் குடியையும் போதையையும் குறைவாகவே நாடினார்கள் என்று 2006 இல் எழுதினார்கள். இவற்றை ஒன்றுசேர்த்துச் சாரா போவன், நேஹா சாவ்லா, மார்லட் ஆகியோர் ஆக்கியதுதான் மீள்வீழ்ச்சியைத் தடுக்கும் முழுக்கவனப் பயிற்சி. கிழமைக்கு ஒருநாள், இரண்டு மணித்தியாலம், எட்டுக் கிழமை. இடையில் வீட்டுப் பயிற்சி. மார்லட் 2011 இல் காலமானார்.

2014 இல் வெளிவந்த ஆய்வொன்றில், சிகிச்சை முடித்த 286 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஓர் ஆண்டு பார்த்திருக்கிறார்கள். ஆண்டு முடிவில் முழுக்கவனம் பழகிய குழுவினர் மற்றக் குழுவினரைவிடக் குறைந்த நாட்களே போதையை நாடியிருந்தனர். ஆனால் பின்னர் வந்த ஆய்வுத் தொகுப்புகள் இவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. இது மந்திரம் அல்ல. வைத்தியத்துக்கும் மருந்துக்கும் பதிலும் அல்ல. அவற்றுடன் சேர்ந்து பிடிக்கக்கூடிய ஒரு கைத்தடி.

அலை வேண்டாம்

பின்னேரம் ஒரு சங்கடம் நடந்தது. குடிக்க வேண்டும் என்று உள்ளே எழும் தவிப்பை எமது ஊரில் "அந்தரம்" என்போம். மார்லட் அதை அலைக்கு ஒப்பிட்டார். அலை எழும், உச்சத்துக்கு வரும், தானாக உடைந்து இறங்கும். அதை எதிர்த்து நின்றால் அடித்து விழுத்தும், அதன்மேல் ஏறி மிதந்தால் கரை சேரலாம் என்பது அவருடைய விளக்கம். "கண்ணை மூடிக்கொள்ளுங்க, பெரிய அலை ஒண்ணு வருது..." என்று மலையகத் தங்கை சொல்லத் தொடங்கினாள்.

முல்லைத்தீவு அக்கா எழுந்து வெளியே போய்விட்டார்.

2004 மார்கழி 26 இல் அவர் தாயையும் கைக்குழந்தையையும் கடலுக்குக் கொடுத்தவர். நான் பின்னால் ஓடிப்போய் வராந்தாவில் அவருடன் நின்றேன். அவருடைய கைகள் நடுங்கின. "காலைப் பாருங்கோ அக்கா, கால் நிலத்தில இருக்கு. அந்த மரத்தைப் பாருங்கோ, அது என்ன மரம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு "பலா" என்றார். பயிற்சியாளரும் வெளியே வந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சிங்களத்தில் சொல்லிக் கைகூப்பினார். மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

உள்ளே வந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அலை இல்லாவிட்டால் வேறு என்ன? எழுந்து, உச்சத்துக்குப் போய், தானாகத் தணிவது வேறு எது? புதுக்குடியிருப்பு அம்மா கையை உயர்த்தினார்.

"பிள்ளைப்பேற்று வலி" என்றார். "வரும். இதோட உயிர் போயிடும் எண்டு நினைப்பம். பிறகு விடும். திரும்ப வரும். மருத்துவிச்சி என்ன சொல்லுவா? மூச்சை விடு, மூச்சை விடு, இந்த ஒண்டைக் கடத்து எண்டுதானே சொல்லுவா. முழு இரவையும் கடத்தச் சொல்லுறதில்லையே."

அறை அமைதியாகிவிட்டது. பயிற்சியாளர் அதை எழுதிக்கொண்டார். "இந்த ஒண்டைக் கடத்து." எட்டுக் கிழமைப் பாடத்தின் நடு முடிச்சை நான்கு பிள்ளை பெற்ற தாய் மூன்று சொல்லில் சொல்லிவிட்டார். அந்தரம் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும். அதை அடக்கவும் வேண்டாம், அதற்கு அடிபணியவும் வேண்டாம். இந்த ஒன்றைக் கடத்தினால் போதும்.

அன்று நான் கற்ற இன்னொன்று: எங்களைப் போன்றவர்களுக்குக் கண்ணை மூடச் சொல்லக் கூடாது. கண்ணை மூடினால் 2009 தான் வரும். கண் திறந்திருக்கட்டும். சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே நெஞ்சை அடைக்கும். அவர்கள் பாதம் நிலத்தில் படுவதையோ, வெளியே கேட்கும் காகத்தின் சத்தத்தையோ கவனிக்கலாம். பழைய நினைவு பெருக்கெடுத்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

காட்டுக்குள் ஒரு வீடு

மூன்றாம் நாள் விடிய, ஊருக்குத் திரும்புவதற்கு முன், தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகலை வனத்துக்குப் போனோம். நகரத்தின் தலைக்கு மேலேயே ஏறத்தாழ 104 ஹெக்ரயர் காடு. 1856 இல் ஒதுக்குக் காடாக்கப்பட்டு 1938 இல் சரணாலயமானது. டிக்கற் எடுத்து உள்ளே போனால், ஆள் உடம்பு அளவு தடித்த கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கின்றன. ஒரு குளம். குரங்குகள். ஈர இலை மணம். காட்டைக் கண்டால் கிபிர் விமானத்தின் சத்தம் காதில் கேட்கும் எங்களுக்கு, வெறுமனே காட்டைப் பார்க்க ஒரு காலை நேரம் கிடைத்தது.

அந்தக் காட்டுக்குள் பிக்குகளின் சில வாசஸ்தலங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றில்தான் ஞானபோனிக தேரர் வாழ்ந்தார். முழுக்கவனத்தைப் பற்றி 1954 இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், மேற்கு நாட்டவர் பலர் இதை அறியக் காரணமானது. அது துறவிகள் இருக்கும் இடம் என்பதால் தூரத்திலேயே நின்றுகொண்டோம். அவருடைய கதையை நான் சொன்னேன்.

அவர் ஜேர்மனியில் 1901 இல் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1936 இல் இலங்கைக்கு வந்து துறவியானார். நாசிகளிடமிருந்து தப்பிய அவருடைய தாயும் பின்னர் இந்த நாட்டுக்கே வந்து இங்கேயே கண்மூடினார். இரண்டாம் உலகப் போர் வெடித்ததும், ஜேர்மனியர் என்ற காரணத்துக்காகப் பிரித்தானியர் அவரைப் பிடித்துத் தியத்தலாவையிலும் பிறகு இந்தியாவில் டெஹ்ராடூனிலும் முகாமில் அடைத்தார்கள். ஜேர்மனியில் யூதர் என்று விரட்டப்பட்டவர், இங்கே ஜேர்மனியர் என்று அடைக்கப்பட்டார். 1946 இல்தான் விடுதலை. முள்வேலிக்குள் இருந்த அந்த ஆண்டுகளிலும் அவர் எழுதுவதை விடவில்லை. இந்தக் காட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1994 இல் காலமானார்.

"அவரும் காம்பில இருந்தவரோ?" என்று கேட்டார் விசுவமடு அக்கா.

"ஓம் அக்கா."

அவர் மரங்களுக்கிடையே அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லோரும் மெனிக் பாம் முகாமின் முள்வேலியைக் கண்டவர்கள். எனக்கு அப்போது இருபது வயது. பன்சலைக்கோ என்று கேட்ட சகோதரியும் ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

அதற்குள் அட்டைகள் வந்துவிட்டன. உடவத்தகலை அட்டைக்குப் பேர்போனது. இளைய சகோதரியின் குதிக்காலில் ஒன்று ஏறி இரத்தம் குடித்துக் கொழுத்திருந்தது. உப்புத் தூவி விழுத்தினோம். கடித்தபோது தெரியவில்லை, விட்ட பிறகுதான் கடி எடுத்தது. அவர் சொறியக் குனிந்தார். "கொஞ்சம் பொறு, இதைத்தானே நேற்றுப் படிச்சனாங்கள்" என்றார் அக்காக்காரி. எல்லோரும் சுற்றி நின்று அந்தக் கடியைக் கவனித்தோம். எங்கே கடிக்கிறது? கூடுகிறதா? சூடா, குத்தலா? அவர் சொல்லிக்கொண்டு வந்தார். கூடியது, உச்சத்துக்குப் போனது, பிறகு குறைந்தது. "திரும்ப வருகுது" என்றார். "வரட்டும், இந்த ஒண்டைக் கடத்து" என்றார் அம்மா. அந்தக் காட்டில் நாங்கள் சிரித்த சிரிப்புக்குக் குரங்குகள் மரம் மாறின.

வீட்டில் பழகக்கூடியது

திரும்பும் வழியில் பயிற்சியை விரல்களில் எண்ணி ஐந்தாக்கிக்கொண்டோம்.

பெருவிரல், நில்: அந்தரம் வந்ததும் செய்வதை நிறுத்தி அப்படியே நிற்பது.

சுட்டுவிரல், பார்: உடம்பில் எங்கே தெரிகிறது, தொண்டையா, நெஞ்சா, கையா? மனதில் என்ன ஓடுகிறது?

நடுவிரல், மூச்சு: போய் வருவதைக் கொஞ்ச நேரம் கவனிப்பது. முடியாதவர்கள் பாதத்தைக் கவனிப்பது.

மோதிரவிரல், விரி: கவனத்தை முழு உடம்புக்கும், இருக்கும் இடத்துக்கும் விரிப்பது.

சுண்டுவிரல், செய்: இனி என்ன செய்வது என்று தெரிந்து செய்வது. தண்ணீர் குடிப்பது, கிணற்றடிக்குப் போய்க் குளிப்பது, நம்பிக்கையான ஒருவருக்குத் தொலைபேசி எடுப்பது.

இது குடித்தவருக்கு மட்டுமல்ல. படலை திறக்கும் சத்தம் கேட்டதும் நெஞ்சு அடிக்கும் எமக்கும் இது உதவும். அமைதியான நேரத்தில் நாள்தோறும் பத்து நிமிடம் பழகினால்தான் அந்தர நேரத்தில் கைகொடுக்கும். ஒரு கச்சானைக் கையில் எடுத்து, கோதின் வரியைப் பார்த்து, உடைக்கும் சத்தம் கேட்டு, மணத்து, மெல்ல மென்று ஆரம்பிக்கலாம். பயிற்சியில் முந்திரிகை வற்றல் தந்தார்கள். எங்களுக்கு முறிகண்டிக் கச்சான் போதும்.

சகோதரிகளே, சில எச்சரிக்கைகளையும் மனதில் வையுங்கள்.

நாள்தோறும் அதிகம் குடிப்பவரை வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தவேண்டாம். கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனமாறாட்டம் வரலாம். அது உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

முழுக்கவனம் என்பது அடியைப் பொறுத்துக்கொள்வது அல்ல. அடி விழும் வீட்டில் முதலில் பாதுகாப்பு. அதற்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 1938. மனநல உதவிக்கு 1926.

அவர் மறுபடி குடித்தால் அது உங்கள் பிழை அல்ல. நீங்கள் துணைக்கு நிற்கலாம். அவருக்குப் பதிலாக நீங்கள் கடத்த முடியாது.

வைகாசி

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக நான் விசுவமடுவுக்குப் போனேன். அதே திண்ணை. "ஐயா, போன வருசம் நான் அப்பிடிக் கேட்டது பிழை" என்றேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ பிள்ளை" என்றார்.

மகளின் நினைவு நாளன்று நான் போகவில்லை. போகவேண்டாம் என்று அக்காதான் சொன்னார். பிறகு அவர் சொன்னதை எழுதுகிறேன். பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் சேட்டைப் போட்டுக்கொண்டு படலைக்குப் போனாராம். அக்கா மறிக்கவில்லை, ஏசவில்லை. "எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாராம். அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாராம். இருவரும் படலையடியிலேயே இருந்தார்களாம். மகளின் பெயரைச் சொல்லி அவர் அழுதாராம். அந்தப் பெயரைப் பல வருடங்களுக்குப் பிறகு தெளிந்த வாயால் அவர் சொன்னது அன்றுதானாம். இருட்டியதும் எழுந்து வந்து விளக்கேற்றினார்களாம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எனக்கும் சந்தோசம். ஒன்பதாம் நாள் அவர் குடித்துவிட்டு வந்தார். ஆனால் அடுத்த நாள் காலை யாரும் சொல்லாமல் தானாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். போன ஆண்டு மூன்று கிழமை, இந்த ஆண்டு ஒரு நாள். "வழுக்கினது மிஸ், விழயில்லை" என்று அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

இதை எழுதும் ஆனி மாதத்தில் அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருக்கிறார். புதுக்குடியிருப்பு அம்மாவின் மகன் இன்னும் இரவில் நித்திரை கொள்வதில்லை, அம்மாவும் கொள்வதில்லை. இருவரும் முற்றத்தில் இருந்து ஆளுக்கொரு கச்சானாக உடைக்கிறார்களாம். பை முடிவதற்குள் பெரும்பாலும் அந்தரம் முடிந்துவிடும் என்கிறார். அடுத்த முறை முறிகண்டிப் பக்கம் போனால் இரண்டு பை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.